பருந்து: சொற்பிறப்பும் பொருளும்

'பறப்பது பருந்து' எனப் பொருள் கூறுவார் உளர். கேட்ட அளவில் மனங்கொள்ளும் இவ்விளக்கம் ஆராய்ச்சிக்கு நில்லாது என்பதை ஈண்டுக் காட்டுவாம்.

பறத்தற்குரிய அடி 'பற' என்பது; அதில் நிற்பது வல்லின றகரம். பருந்தில் நிற்பதோ இடையின ரகரம். இக்காலத்துப் பலர் பேச்சில் இரண்டும் ஒன்றாய் ஒலித்தலின் வேறுபாடு சிறிதெனத் தோன்றும். ஆயினும், 'அரம்', 'அறம்' என்பவற்றை ஒரு சொல்லெனக் கொள்வார் இலர். மலையாளமும் இவ்வேறுபாட்டைக் காத்து நிற்கிறது: ஆண்டுப் 'பறக்குக' என்பது றகரமும், 'பருந்து' என்பது ரகரமும் பெற்றே வழங்கும். பொருளும் இதற்குத் துணை செய்யாது. பறத்தல் புள்ளினத்திற்கெல்லாம் பொது. அதுபற்றி எழுந்த பெயர் 'பறவை' என்பதே. பருந்தின் சிறப்பு, உயர நின்று குறி தவறாது பாய்தல். நன்னூலார் சூத்திர நிலைகளுள் ஒன்றைப் 'பருந்தின் வீழ்வு' என்றதும் அச்சிறப்பு நோக்கியே.

இனி, கன்னடம் நோக்குவாம். பருந்து பழங்கன்னடத்தில் 'பர்து', இன்று 'ஹத்து'. மொழி முதற் பகரம் அங்கு ஹகரமாதல் 'பால்' என்பது 'ஹாலு' ஆதலானும் விளங்கும். 'மருந்து' என்பதும் இவ்வாறே 'மர்து' என நின்று 'மத்து' ஆயிற்று. ஈறு திரியினும் பழங்கன்னட வடிவில் ரகரம் நிற்றலின், அது பிற்காலத் தமிழர் றகரத்தைப் பிழைபட எழுதியதனால் வந்ததன்று. சொல்லின் அடிக்கே உரியது.

ஆயின் அவ்வடி யாது? பெருத்தற்பொருள் தரும் 'பரு' என்பதே எழுத்தானும் பொருளானும் இயைவது. 'பருமை', 'பருமன்', 'பரிய' என்பன அதன் கிளைகள். எனவே பருந்து என்பது 'பரிய புள்' எனப் பொருள்படும். கழுகும் எருவையும் அதனினும் பெரியன அல்லவோ எனின், அவை பிணமுள்ள இடம் நாடுவன. மனைமுற்றத்திற் கோழிக்குஞ்சு கவர வந்து, ஊரார் நாளும் காணும் புட்களுள் பெரியது பருந்தே. சிறகு விரித்த கரும்பருந்து ஏறக்குறைய 140 செ.மீ. அகலமுடையது, உடன் திரியும் காக்கை அதற்கு நிகராகாது.

ரகர றகரங்களை மயங்கக் கொள்ளின் எச்சொல்லையும் எவ்வடியினின்றும் வருவிக்கலாம். அவ்வழிச் சொல்லாராய்ச்சி என ஒன்று இல்லையாகும். ஆதலின் எழுத்து ஒத்தல் முதலாவது. இனமொழிச் சான்று அடுத்தது. பொருளியைபு அவற்றின் பின்னரே ஆராயத் தக்கது.