குதிரையோடு வாழ்தல் – 17: முதலில் கண்ணைப் பாருங்கள்

சென்ற வாரம் குதிரையை மயக்கத்தில் படுக்கவைத்து அறுவை செய்யும் முறையைப் பார்த்தோம். கால் அறுவை நல்லபடியாக முடிந்து குதிரையும் எழுந்து நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் காலை தீவனம் வைக்கப் போகிறவர் திடுக்கிட்டுப் போகிறார். மேலுதடும் மூக்கும் வலப்பக்கம் இழுத்துக்கொண்டிருக்கின்றன. இடப்பக்கக் கீழுதடு தொங்கி எச்சில் வழிகிறது. காலில் கத்தி வைத்ததற்கு வாய் ஏன் கோணியது?

கழற்றாமல் விட்ட ஹால்டர் என்னும் தலைவார்தான் பெரும்பாலும் காரணம். முக நரம்பு காதடியில் மண்டையோட்டை விட்டு வெளியே வந்து, தாடை எலும்பின் பின்விளிம்பைத் தாண்டிக் கன்னத்தில் கிளைகளாகப் பிரிகிறது. அங்கே மெல்லும் தசைக்கு மேலே, தோலை ஒட்டியே ஓடுகிறது. தோல் மெல்லிய குதிரையின் கன்னத்தில் விரலை மேலும் கீழும் ஓட்டினால் வில் நாண்போல் அது தட்டுப்படும். மணிக்கணக்கில் ஒருக்களித்துக் கிடக்கும்போது, கனத்த தலையின் பாரம் முழுவதும் ஹால்டரின் இரும்பு வளையத்தின் மேல் இறங்குகிறது. வளையத்துக்கும் எலும்புக்கும் நடுவே நரம்பு நசுங்குகிறது. படுக்கவைத்ததும் ஹால்டரைக் கழற்றித் தலைக்கடியில் தடித்த மெத்தை வைத்தால் இதைத் தவிர்த்துவிடலாம். அரை நிமிட வேலையை விட்டதற்குக் குதிரை மாதக்கணக்கில் பாடுபடுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

வாய் இழுத்துக்கொண்ட பக்கத்துக்கு எண்ணெய் தேய்ப்பவர்கள் உண்டு. அது நல்ல பக்கம். எதிர்ப்பக்கத் தசை பிடிமானம் இழந்ததால்தான் நல்ல பக்கம் தன்னிடம் இழுக்கிறது.

1821-ல் லண்டனில் அறுவை மருத்துவர் சார்லஸ் பெல் ஒரு கழுதையின் முக நரம்பை வெட்டி, அந்தப் பக்க மூக்குத்துளை மூச்சோடு அசைவதை நிறுத்தியதைப் பதிவு செய்தார். மனிதர்களின் முகவாதம் இன்றும் அவர் பெயரில் ‘பெல்ஸ் பால்சி’ என்றே வழங்குகிறது. அந்தக் கழுதைக்கு மயக்க மருந்து கிடைத்திருக்காது. ஈதர் அறுவைக்கூடத்துக்குள் வர மேலும் 25 ஆண்டுகள் ஆயின. மூக்குத்துளை குதிரைக்கு உயிர்நாடி. வாயால் மூச்சுவிட அதற்கு வராது. ஒரு துளை விரியாமல் ஒட்டிக்கொண்டால் நிற்கும்போது சமாளிக்கும், ஓடவிட்டால் இரைக்கும்.

கோணிய வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிடக் கூடாது. காதையும் இமையையும் பாருங்கள். உதடும் மூக்கும் மட்டும் பாதிக்கப்பட்டிருந்தால் அடி கன்னத்தில். காதும் தொங்கி, இமையும் மூடவில்லை என்றால் காதடியிலோ அதற்கும் உள்ளேயோ கோளாறு. அடிபட்ட அடையாளமே இல்லாமல் இப்படி ஆகி, தலையும் ஒரு பக்கம் சாய்ந்தால் காத்திருக்க வேண்டாம். உட்காதை ஒட்டிய எலும்பு மூட்டு இறுகியிருக்கலாம், தொண்டைப் பையில் பூஞ்சை பிடித்திருக்கலாம். மருத்துவர் எண்டோஸ்கோப் விட்டுப் பார்த்தாக வேண்டும்.

இமைக்க முடியாத கண் காய்ந்துபோகும். கண்ணீர் சுரப்பிக்கான இழைகளும் இதே நரம்போடு வருவதால், காயம் உள்ளே ஆழத்தில் இருந்தால் கண்ணீரும் வற்றும். வைக்கோல் தூசு பட்டால் கருவிழி புண்ணாகும். கோணல் வாயோடு குதிரை வாழ்ந்துவிடும். போன பார்வை திரும்பாது. மருத்துவர் தரும் மசகுக் களிம்பை இரவு உட்படப் பலமுறை போட வேண்டும். ஈ மொய்க்காமல் வலைமுகமூடி, தூசு விழாமல் தீவனம் தரையில். வீட்டில் கிடக்கும் ஸ்டீராய்டு களிம்பைத் தொடவே கூடாது, புண் இருந்தால் அது கண்ணைக் கெடுத்துவிடும். புண் உண்டா என்பதைச் சாயம் விட்டுப் பார்த்து மருத்துவர் சொல்லட்டும். தேவையானால் இமைகளைத் தற்காலிகமாகத் தைத்தும் வைப்பார்.

மெல்லும் தசைக்கு வேறு நரம்பு என்பதால் குதிரையால் மெல்ல முடியும், உதட்டால் பொறுக்கத்தான் முடியாது. ஊறவைத்த தீவனம், வேகவைத்த கொள்ளு, ஈரத் தவிடு கொடுக்கலாம். தின்றதில் ஒரு பங்கு கடைவாய்க்கும் கன்னத்துக்கும் நடுவே அடைந்து நாறும். தின்று முடித்ததும் கன்னத்தை வெளியிலிருந்து அமுக்கி, உள்ளே தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். தண்ணீர் குடிக்க மூஞ்சியையே முக்கும். ஆழமான வாளி, விளிம்புவரை தண்ணீர்.

முதல் இரண்டொரு நாள் ஐஸ் ஒத்தடமும் வீக்கம் குறைக்கும் மருந்தும் உதவும். நசுங்கிய நரம்பு சில நாளிலோ சில வாரத்திலோ தேறிவிடும். உள்ளிழைகள் அறுந்திருந்தால் நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் வளரும். காதடியிலிருந்து உதடு ஒரு முழம் என்று வையுங்கள், ஓராண்டைத் தாண்டிவிடும். அதற்குள் தசை சூம்பிப்போவதும் உண்டு. காயம் காதடியில் என்றால், காதும் இமையும் கிட்டத்தில் இருப்பதால் அவைதான் முதலில் அசையும், உதடு கடைசி. ஆறு மாதம் ஆகியும் உதடு அசையவில்லை என்று குதிரையைத் தள்ளிவிடுபவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். மூக்குத்துளை மட்டும் கடைசிவரை விரியாமல் நின்றுவிட்டால், தொய்ந்த மடிப்பை வெட்டியெடுத்துக் காற்றுக்கு வழி செய்யும் அறுவை உண்டு. அதற்குப் படுக்கவைப்பதானாலும், முதலில் ஹால்டரைக் கழற்றச் சொல்லுங்கள்.