பணம் கட்டும் முன்... ஒரு நிமிஷம்!

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் போற ஒண்ணாம் நம்பர் பஸ்ஸுக்குக் காத்திருக்கீங்க. கையில் ஒரு நோட்டீஸ்... 'நெட்வொர்க் செக்யூரிட்டி படிங்க, வேலை ரெடி!' உடனே அப்பாவிடம் பணம் கேட்கப் போறீங்களா?

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். சிஸ்கோவின் சி.சி.என்.ஏ. தேர்வுக் கட்டணம் மட்டும் 300 டாலர். நம்ம காசில் 25 ஆயிரத்தைத் தாண்டும். கோச்சிங் ஃபீஸ் தனி. ஃபெயிலானால் மறுபடி கட்டணும். பாஸானாலும் சான்றிதழுக்கு ஆயுள் 3 வருஷம்தான். 'சி.சி.என்.ஏ. செக்யூரிட்டி' தேர்வையே 2020 பிப்ரவரியில் சிஸ்கோ நிறுத்திவிட்டது!

அப்ப வேண்டாமா? வேணும். ரெஸ்யூமேயை எடுத்துப் பார்க்க வைக்கும். ஆனால், இன்டர்வியூவில் அது பதில் சொல்லாது. நீங்கதான் சொல்லணும்.

ஸ்ரீரங்கம் கோயிலுக்கு ஏழு பிராகாரம். நெட்வொர்க்கையும் ஓ.எஸ்.ஐ. மாடல் ஏழு அடுக்காகத்தான் பிரிக்குது. திருடன் எந்த மதிலைத் தாண்டுவான்னு தெரியாமல் காவல் காக்க முடியுமா? முதலில் 'பாக்கெட் டிரேஸர்', 'வயர்ஷார்க்' ரெண்டையும் இலவசமா இறக்கி, ஒரு மாசம் நோண்டிப் பாருங்க. தூக்கம் மறந்து உட்கார்ந்தீங்களா? தைரியமா பணம் கட்டுங்க.

கொட்டாவி வந்ததா? அப்பா காசு மிச்சம்!