விளையாட்டுக் கணினி: உறுப்புகளைத் தெரிதலும் தரமுயர்த்தலும்

பிள்ளைகள் விளையாடுவதற்கென வீட்டில் வாங்கப்படும் கணினி, கடிதம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் போதுமான சாதாரண கணினியைக் காட்டிலும் பன்மடங்கு விலையுடையது. அதனை வாங்கி நான்கைந்து ஆண்டுகள் கழிந்ததும், "புதிய விளையாட்டுகள் இதில் ஓடவில்லை, வேறு வாங்க வேண்டும்" என்ற குரல் வீட்டில் எழுகின்றது. பெற்றோர் பலருக்குக் கணினியின் உள்ளமைப்புத் தெரியாது. பிள்ளைகள் அறிந்திருப்பது பெரும்பாலும் விளம்பரத்தையே. கடைக்காரருக்கோ விற்பனைதான் தொழில். இம்மூவருக்கும் இடையில் ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பு ஒரே நாளிற் கரைந்துவிடுவதும், பணம் செலவான பின்னும் குறை தீராதிருப்பதும் உண்டு. அந்த இழப்பைத் தவிர்ப்பதற்கான வழியை விளக்குவதே இப்பேச்சின் நோக்கமாகும்.

விளையாட்டுக் கணினி எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும். திரையில் நாம் காணும் அசைவு, ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து மாறும் தனித்தனிப் படங்களால் ஆனது. செக்கனுக்கு 60 படங்கள் தோன்றினால் அசைவு கண்ணுக்கு இயல்பாகத் தோன்றும். அப்படியாயின், ஒரு படத்தை ஆக்குவதற்குக் கணினிக்குக் கிடைப்பது ஏறத்தாழ 16.7 மில்லிசெக்கன் மாத்திரமே. செக்கனுக்கு 144 படங்கள் வேண்டுமாயின், அந்நேரம் 7 மில்லிசெக்கனிலும் குறைந்துவிடும்.

இச்சிறு பொழுதிற்குள் பல உறுப்புகள் கைகோத்து வேலை செய்கின்றன. புரோசெசர் எனப்படும் முறைவழியாக்கி, பந்து எங்கே விழும், எதிராளி எப்பக்கம் திரும்புவான் என்பவற்றைக் கணித்து, எதை வரையவேண்டும் என்ற கட்டளையைப் பிறப்பிக்கின்றது. கிராபிக்ஸ் காட் எனப்படும் வரைவியல் அட்டை, அக்கட்டளைப்படி படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறந்தீட்டுகின்றது. றாம் எனப்படும் நினைவகம், அப்போதைக்கு வேண்டிய தரவுகளைக் கையெட்டும் தூரத்தில் வைத்திருக்கின்றது. வன்தட்டு முழு விளையாட்டையும் சேமித்து வைக்கின்றது. தாய்ப்பலகை இவை யாவற்றையும் இணைக்கின்றது. மின்வழங்கியோ, சுவரிலிருந்து வரும் 230 வோல்ற்று ஆடலோட்ட மின்னை 12 வோல்ற்று முதலான நேரோட்ட மின்னாக மாற்றி எல்லா உறுப்புகளுக்கும் ஊட்டுகின்றது.

தோட்டத்திற்கு நீர் இறைப்பதை நினைத்துப் பாருங்கள். கிணற்றிலே நீர் நிரம்ப உண்டு, இயந்திரமும் வலியது, ஆயினும் வாய்க்கால் ஓரிடத்தில் ஒடுங்கியிருந்தால், பாத்திக்குச் சேரும் நீர் அவ்வொடுக்கத்தின் அளவினதே. இயந்திரத்தை மாற்றி இன்னும் பெரியதைப் பூட்டினாலும் பயன் இல்லை. கணினியும் இத்தகையதே. அதன் வேகம் அதிலுள்ள சிறந்த உறுப்பினால் அமைவதன்று. ஒடுங்கிய உறுப்பினால் அமைவதாகும். ஆகவே தரமுயர்த்த விரும்புவோர், எந்த உறுப்பு புதியது என்று கேட்பதற்கு முன்னர், தம்முடைய கணினியில் எந்த இடம் ஒடுங்கியது என்று கேட்டல் வேண்டும்.

அதனைக் கண்டறியப் பெருங்கல்வி வேண்டியதில்லை. வழக்கமாக 1920க்கு 1080 புள்ளிகளில் விளையாடுபவர், விளையாட்டின் அமைப்புப் பகுதிக்குச் சென்று அதனை 1280க்கு 720 ஆகக் குறைத்துப் பார்க்கட்டும். முன்னையது ஒரு படத்திற்கு 2,073,600 புள்ளிகள். பின்னையது 921,600 புள்ளிகள். வரைவியல் அட்டையின் சுமை இதனாற் பாதிக்கும் கீழே இறங்குகின்றது. செக்கனுக்குத் தோன்றும் படங்களின் தொகை அப்போது நன்கு உயர்ந்தால், ஒடுக்கம் வரைவியல் அட்டையில் உள்ளது. தொகை உயராது அப்படியே நின்றால், ஒடுக்கம் பெரும்பாலும் முறைவழியாக்கியிலோ நினைவகத்திலோ உள்ளது. முறைவழியாக்கி நூற்றுக்கு நாற்பது பங்கே வேலை செய்வதாகக் கணினி காட்டினாலும் அதனை முற்றாக நம்புதல் ஆகாது. ஆறு கருக்களில் ஒன்றிரண்டு மாத்திரம் முழுச்சுமையைத் தாங்கி, ஏனையவை ஓய்ந்திருத்தல் கூடும். சராசரி அதனை மறைத்துவிடும்.

பணம் செலவிடுவதற்கு முன்னர், செலவின்றித் திருத்தக்கூடியவற்றையும் பார்த்தல் நன்று. செக்கனுக்கு 144 முறை புதுப்பிக்கவல்ல திரையை வாங்கியபின், விண்டோஸ் அமைப்பில் அது 60 ஆகவே விடப்பட்டிருப்பது உண்டு. 3200 என்ற வேகம் பொறிக்கப்பட்ட நினைவகம், பயொஸ் எனப்படும் அடிப்படை அமைப்பில் எக்ஸ்எம்பி என்ற தெரிவை இயக்கும் வரையில், பெரும்பாலும் அதனிலுங் குறைந்த வேகத்திலேயே ஓடும். எமது வெப்பமான காலநிலையில், காற்றாடியிலும் வெப்பங்கடத்தும் தகடுகளிலும் தூசு படிந்தால், முறைவழியாக்கியும் வரைவியல் அட்டையும் சூடேறித் தம்மைக் காத்துக்கொள்ளும் பொருட்டுத் தாமாகவே வேகத்தைக் குறைக்கும். ஒரு தூரிகையும் அரைமணி நேரமும் இக்குறையைத் தீர்த்துவிடலாம்.

இனி ஓர் எடுத்துக்காட்டினைக் கொள்வோம். 2018ஆம் ஆண்டில் வாங்கிய ஒரு கணினி. அதன் முறைவழியாக்கி அவ்வாண்டில் வெளிவந்த ஏஎம்டி ரைசன் 5 2600, தாய்ப்பலகை பி450 வகை, 8 கிகாபைட் கொண்ட ஒற்றை நினைவகத் துண்டு, சுழலும் வன்தட்டு, 4 கிகாபைட் நினைவகங்கொண்ட ஜீடிஎக்ஸ் 1050 டீஐ வரைவியல் அட்டை. இதனை வீசிவிடவேண்டுமா? வேண்டியதில்லை. முறையாகச் சென்றால் இன்னும் சில ஆண்டுகள் இது நன்றாக உழைக்கும்.

முதலாவது, சுழலும் வன்தட்டு. அது செக்கனுக்கு ஏறத்தாழ 100 முதல் 200 மெகாபைட் வரையே வாசிக்கும். சிதறிக்கிடக்கும் சிறு கோப்புகளைத் தேடும்போது இன்னும் தளர்ந்துவிடும். எஸ்எஸ்டி எனப்படும் திண்மத் தட்டின் சாதாரண சாட்டா வகையே 500 மெகாபைட்டுக்கு மேல் வாசிக்கும். இதனைப் பூட்டியவுடன் கணினி விழிப்பதும் விளையாட்டுத் தொடங்குவதும் விரைவாகும். எனினும் செக்கனுக்குத் தோன்றும் படங்களின் தொகை இதனாற் பெரிதும் கூடாது. அதனை எதிர்பார்த்து வாங்குவோர் ஏமாறுவர். பழைய வன்தட்டைக் கழற்றி எறியவேண்டாம். படங்களையும் பாடக்குறிப்புகளையும் சேமிக்க அது உதவும்.

இரண்டாவது, நினைவகம். ஒற்றைத் துண்டு ஒற்றை வழிப்பாதை போன்றது. அதே அளவும் வேகமுமுள்ள இன்னொரு துண்டைச் சேர்த்தால், அளவு 16 கிகாபைட் ஆவதோடு, தரவு செல்லும் பாதையும் இரட்டிக்கின்றது. தாய்ப்பலகையில் நான்கு துளைகள் இருப்பின், இரண்டு துண்டுகளையும் எவ்விரண்டிற் செருகவேண்டும் என்பதைக் கைந்நூல் கூறும்; பெரும்பாலும் அவை முறைவழியாக்கியிலிருந்து இரண்டாவதும் நான்காவதும் ஆகும். டிடிஆர்4 வகைப் பலகையில் டிடிஆர்5 வகை பொருந்தாது என்பதையும் மறத்தலாகாது. 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவுக்கான பெரிய தரவு நிலையங்கள் நினைவகத்தை ஏராளமாக வாங்கியமையால், வீட்டுக் கணினிக்குரிய நினைவகத்தின் விலையும் வெகுவாக ஏறியது. தாய்ப்பலகையையும் நினைவகத்தையும் ஒருங்கே மாற்ற எண்ணுவோர், கைவசம் உள்ள நினைவகத்தின் பெறுமதியையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

மூன்றாவது, வரைவியல் அட்டை. இவ்வெடுத்துக்காட்டில் உண்மையான ஒடுக்கம் இதுவே. 4 கிகாபைட் நினைவகம் இன்றைய பெரிய விளையாட்டுகளுக்குப் போதாது; 8 கிகாபைட்டாவது வேண்டும். 2021ஆம் ஆண்டில் வெளிவந்த ஆர்எக்ஸ் 6600 (8 கிகாபைட்), ஆர்டிஎக்ஸ் 3060 (12 கிகாபைட்) ஆகியவை 1920க்கு 1080 திரைக்கு ஏற்றவை. பழைய பொருட் சந்தையிலும் தேடத்தக்கவை. ஆனால், 'புதியது' என்ற சொல்லை மாத்திரம் நம்பி வாங்குதல் ஆகாது. 2022 ஜனவரியில் வெளிவந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டீ என்ற அட்டை, தாய்ப்பலகையோடு நான்கு தடங்கள் வழியாகவே தொடர்பு கொள்ளும். நான்காந் தலைமுறைப் பிசிஐ எக்ஸ்பிரஸ் பலகையில் அக்குறை பெரிதாகத் தோன்றாது. பி450 போன்ற மூன்றாந் தலைமுறைப் பலகையிலோ அதன் வேகம் பல விளையாட்டுகளில் வெளிப்படையாகவே வீழ்கின்றது. பழைய கணினி வைத்திருப்போர் விரும்பி வாங்கத்தக்க விலையில் வந்த அட்டையே, பழைய கணினிக்குப் பொருந்தாமற் போயிற்று.

பாவித்த அட்டையை வாங்குவோர், 2022 செப்டெம்பரில் எதீரியம் என்ற மின்னாணயத்தின் அகழ்வு முறை மாறியதையும் நினைவிற் கொள்க. அதுவரை இரவு பகலாக நாணயம் அகழ்ந்த அட்டைகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. பணத்தைக் கொடுப்பதற்கு முன்னர், விற்பவர் முன்னிலையில் அரைமணி நேரமாவது ஒரு கடின விளையாட்டை ஓட்டி, திரையிற் கோடுகள் தோன்றுகின்றனவா, காற்றாடி அலறுகின்றதா, கணினி நின்றுவிடுகின்றதா என்று பார்த்தல் வேண்டும்.

அட்டையோடு சேர்த்து நோக்கவேண்டியது மின்வழங்கி. பழைய 1050 டீஐ அட்டைக்கு வேண்டியது 75 வாற்று. அதனைத் தாய்ப்பலகையே ஊட்டிவிடும். ஆர்எக்ஸ் 6600க்கு 132 வாற்றும் ஆர்டிஎக்ஸ் 3060க்கு 170 வாற்றும் வேண்டும்; இவற்றுக்கு மின்வழங்கியிலிருந்து தனி வடம் செல்லவேண்டும். முன்னதற்கு 450 வாற்று, பின்னதற்கு 550 வாற்று மின்வழங்கியைத் தயாரித்தோரே விதந்துரைத்துள்ளனர். மலிவான மின்வழங்கியில் இவ்வட்டைகளைப் பூட்டுவது குருவியின் தலையிற் பனங்காயை வைப்பதை ஒக்கும். பெட்டியின் வெளியே 500 என்று பெரிதாக எழுதியிருப்பதைப் பார்த்து மகிழாது, மின்வழங்கியின் பக்கத்தில் ஒட்டிய அட்டவணையை வாசியுங்கள். 12 வோல்ற்று வரியில் 25 அம்பியர் என்று இருந்தால், பெருக்கிப் பார்த்தால் 300 வாற்றே கிடைக்கும். முறைவழியாக்கியும் வரைவியல் அட்டையும் தங்கியிருப்பது இவ்வரியிலேயே. '80 பிளஸ்' என்ற முத்திரை மின் விரயத்தின் அளவைக் கூறுமேயன்றி, காப்புத் தரத்தைக் கூறாது. கழற்றிப் பூட்டும் வடங்களை ஒரு மின்வழங்கியிலிருந்து வேறொன்றுக்கு மாற்றிப் பாவித்தல் கூடவே கூடாது, முனை பொருந்தினாலும் உள்ளே கம்பிகளின் வரிசை வேறாக இருக்கலாம், தட்டுகள் எரிந்துபோகும். மின்வழங்கியின் பெட்டியைத் திறப்பதும் ஆகாது. மின்னைத் துண்டித்த பின்னும் அதன் கொள்ளளவிகளில் உயிருக்கு ஆபத்தான மின் தங்கியிருக்கும்.

நான்காவதும் இறுதியானதும் முறைவழியாக்கி. அட்டையை மாற்றிய பின்னர் முன்கூறிய சோதனையை மீண்டும் செய்தல் வேண்டும். ஓர் ஒடுக்கம் நீங்கினால் அடுத்தது வெளிப்படும். இப்போது முறைவழியாக்கி தளர்வதாகத் தெரிந்தால், பி450 பலகையிலேயே 2022இல் வெளிவந்த ரைசன் 5 5600ஐப் பொருத்தலாம். பழையதைப் போல இதற்கும் ஆறு கருக்களே, 65 வாற்றே, எனினும் ஒவ்வொரு கருவும் முன்னையதிலும் நன்கு விரைவானது. இதற்கு முன், பழைய முறைவழியாக்கி பலகையில் இருக்கும்போதே பயொஸைப் புதுப்பித்தல் இன்றியமையாதது. அது நடைபெறும் சில நிமிடங்களில் மின் தடைப்பட்டால் பலகையே செயலிழக்கக்கூடும். 2025 பெப்ரவரி 9ஆம் நாள் நாடு முழுவதும் திடீரென மின் நின்றதை நாம் அறிவோம். ஆகையால் யூபிஎஸ் எனப்படும் மின்காப்புப் பெட்டி இருந்தால் அதனோடு இணைத்தே இவ்வேலையைத் தொடங்குக.

முற்றிலும் புதிய கணினி வாங்குவோருக்கும் இக்கொள்கையே பொருந்தும்; ஆனால் அவர்கள் திரையிலிருந்து தொடங்குதல் வேண்டும். 2560க்கு 1440 திரைக்கு 3,686,400 புள்ளிகளும், 3840க்கு 2160 திரைக்கு 8,294,400 புள்ளிகளும் தீட்டப்படவேண்டும். பின்னது 1920க்கு 1080 திரையின் நான்கு மடங்கு. திரையைத் தெரிந்துகொண்டால் அட்டை தெரியும். அட்டை தெரிந்தால் அதற்கேற்ற முறைவழியாக்கியும் மின்வழங்கியும் தெரியும். வாங்குமுன் பெட்டியின் உள்நீளத்தையும் அட்டையின் நீளத்தையும் அளந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

தரமுயர்த்தாது விடவேண்டிய வேளையும் உண்டு. விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய முறைவழியாக்கியும், மேலே செல்ல வழியற்ற தாய்ப்பலகையும் உள்ள கணினியில் விலையுயர்ந்த அட்டையைச் சேர்ப்பதைவிட, பணத்தைச் சேர்த்துவைத்தல் நன்று.

நேயர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளை புதிய உறுப்பொன்றைக் கேட்டால், உடனே மறுக்கவும் வேண்டாம். உடனே வாங்கவும் வேண்டாம். "எந்த இடம் ஒடுங்கியிருக்கின்றது? அளந்து, எழுதிக் காட்டு" என்று கேளுங்கள். விளையாட்டின் பெயர், இப்போது தோன்றும் படங்களின் தொகை, புள்ளிகளைக் குறைத்தபின் தோன்றும் தொகை, மின்வழங்கியின் 12 வோல்ற்று அளவு ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதிவரும் பிள்ளையோடு கடைக்குச் செல்லும் பெற்றோர், தமக்கு வேண்டாததை வாங்கித் திரும்பமாட்டார்.