வளைந்து நெளிந்தும் 500 வருஷமா நிற்கும் மாளிகை... விழாமல் இருப்பது எப்படி?

இங்கிலாந்தின் செஷயரில் இருக்கும் 'லிட்டில் மோர்ட்டன் ஹால்' போட்டோவை முதல்முறை பார்க்கிறவங்க, 'எடிட் பண்ணிருக்காங்களோ?'னு சந்தேகப்படுவாங்க. சுவர் சாய்ந்திருக்கும், மேல்மாடி அலை மாதிரி வளைந்திருக்கும். ஆனா, எல்லாமே நிஜம்!

யார் கட்டியது?

நிலச்சுவான்தார்களான மோர்ட்டன் குடும்பம், 16-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேலையை ஆரம்பித்தது. சுற்றிலும் அகழி. உள்ளே ஓக் மரச் சட்டங்களை இணைத்து எழுப்பிய வீடு. அடுத்தடுத்த தலைமுறைகள் அறைகளைச் சேர்த்துக்கொண்டே போனார்கள். 1559-ல் ஜன்னல்களைச் செய்த தச்சர் ரிச்சர்ட் டேல், தன் பெயரையும் அதிலேயே செதுக்கிவிட்டார்.

ஏன் வளைந்தது?

மேல்தளத்தில் இருக்கும் 68 அடி நீள 'லாங் கேலரி'தான் காரணம். மழைக்காலத்தில் வீட்டுக்குள்ளேயே நடந்து உடற்பயிற்சி செய்ய இந்தக் கூடம். அதன் கூரையில் போட்டது கனமான கல் பலகைகள். அந்தப் பாரத்தில் கீழே இருந்த மரச் சட்டங்கள் வளைந்தன. மரம் என்பதால் உடையாமல் வளைந்து கொடுத்தது. 19-ம் நூற்றாண்டின் இறுதியில் உள்ளே எஃகுக் கம்பிகளும் பொருத்தப்பட்டன.

இடிக்காமல் விட்டது ஏன்?

1642-ல் வெடித்த உள்நாட்டுப் போரில் மோர்ட்டன்கள் மன்னர் பக்கம் நின்றார்கள். மன்னர் தோற்க, குடும்பம் கடனில் மூழ்கியது. வீடு குத்தகை விவசாயிகளிடம் போனது. மற்ற பணக்காரர்கள் பழைய வீட்டை இடித்துவிட்டு புது ஃபேஷனில் கட்டியபோது, இவர்கள் கையில் காசு இல்லை. 1938-ல் 'நேஷனல் டிரஸ்ட்' அமைப்பிடம் வந்தபோதும் வீடு பெரும்பாலும் பழைய உருவத்திலேயே இருந்தது.

குடும்பத்தை முடக்கிய கடன்தான், வீட்டைக் காப்பாற்றியிருக்கிறது.