அரசியல் வகுப்பு - 11: லாஸ்கி கொடுத்த கடிதம்

லண்டன் பொருளாதாரப் பள்ளி (எல்.எஸ்.இ.) 1895-ல் பிறந்த கதையைப் போன வாரம் பார்த்தாயிற்று. அதை நிறுவிய வெப் தம்பதியை மறுபடி அறிமுகப்படுத்த இடமில்லை. இந்த வாரம் அங்கே அரசியல் விஞ்ஞானம் படித்தவர்களின் பாடத்திட்டத்தை எடுப்பதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் கே.ஆர். நாராயணன் குறுக்கே வந்துவிட்டார். அவரை விட்டு நகர மனம் வரவில்லை.

கேரளத்தின் உழவூரில் ஏழை தலித் குடும்பத்தில் பிறந்தவர். வயல் வரப்புகளில் நெடுந்தூரம் நடந்து பள்ளிக்குப் போனவர். ஃபீஸ் கட்ட முடியாமல் வகுப்புக்கு வெளியே நின்று பாடம் கேட்ட நாட்களும் உண்டு. 1945-ல் டாடா உதவித்தொகையில் எல்.எஸ்.இ.க்குப் போனார். அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர், சோஷலிஸ்டான ஹெரால்ட் லாஸ்கி.

லாஸ்கி அப்போது பிரிட்டனின் தொழிற்கட்சியின் செயற்குழுத் தலைவரும்கூட. ஓயாமல் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச காலம் பேசாமல் இருந்தால் நல்லது என்று பிரிட்டிஷ் பிரதமர் அட்லியே அவருக்குக் கடிதம் எழுதினார். அதே கல்லூரியில்தான் பொருளாதார அறிஞர் ஹயேக்கும் இருந்தார். அரசுத் திட்டமிடல் அடிமைத்தனத்தில் கொண்டுபோய் விடும் என்று 1944-ல் புத்தகமே போட்டவர். 1946-ல் தத்துவ அறிஞர் கார்ல் பாப்பரும் வந்து சேர்ந்தார். நாராயணன் இந்த மூவரின் வகுப்புகளையும் கேட்டார். அரசியல் படிப்பு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். ஒருவர் கட்டியதை இன்னொருவர் இடிக்க, மாணவன் தானே யோசித்துத்தான் ஒரு முடிவுக்கு வர வேண்டும். நம் பிள்ளைகளை ஒரே நோட்ஸை மனப்பாடம் செய்ய வைத்துப் பட்டம் கொடுத்து அனுப்புகிறோமே, அது எனக்குத் தீராத ஆற்றாமை.

படிப்பு முடிந்து 1948-ல் ஊர் திரும்பும்போது, கேட்காமலேயே நேருவுக்கு ஓர் அறிமுகக் கடிதம் கொடுத்தார் லாஸ்கி. இதைப் பின்னாளில் நாராயணனே சொல்லியிருக்கிறார். டெல்லி நாடாளுமன்றக் கட்டடத்தில் நேருவைப் பார்க்க நேரம் கிடைத்தது. லண்டனைப் பற்றிச் சில நிமிடப் பேச்சு. பிரதமருக்கு நேரமாகிவிட்டது என்று புரிந்ததும் எழுந்தார். வாசலை நெருங்கும்போதுதான் கடிதத்தை நீட்டினார். வெளியே அந்த வட்டமான தாழ்வாரம். பாதி வட்டம் நடந்திருப்பார், பின்னாலிருந்து கைதட்டும் சத்தம். திரும்பினால் நேரு நின்றுகொண்டு வா வா என்று கையசைக்கிறார். இதை ஏன் முதலிலேயே கொடுக்கவில்லை என்று கேட்டாராம். போகும்போது கொடுத்தால் போதும் என்று நினைத்தேன் என்பது நாராயணனின் பதில். பரிந்துரையை முன்னால் நீட்டிக்கொண்டு உள்ளே நுழையாத அந்த மனசைத்தான் நான் இந்த வாரம் முழுக்க நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

1949-ல் வெளியுறவுப் பணி. 1997-ல் குடியரசுத் தலைவர். நடுவில் நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

லாஸ்கி 1950 மார்ச்சில் காலமானார். அவருடைய பேராசிரியர் நாற்காலிக்கு வந்தவர் மைக்கேல் ஓக்‌ஷாட், எல்லாவற்றிலும் லாஸ்கிக்கு நேர் எதிர். பாடத்திட்டத்தை அவரோடு சேர்த்து அடுத்த வாரம் எடுத்துக்கொள்வோம்.