கமராவின் ஆளி யார் கையில்?

கமரா என்றதும் வில்லைதான் நினைவுக்கு வரும். ஆனால் படத்தை உண்மையில் பிடிப்பது அதற்குப் பின்னால் இருக்கும், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய சென்சர். அது தானாக விழித்தெழாது.

2016 இல் வந்த ராஸ்பெரி பை கமராவை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள சோனி ஐஎம்எக்ஸ்219 சென்சருக்கு 2.8, 1.8, 1.2 வோல்ற்று என மூன்று மின்வழங்கல்கள் தேவை. செக்கனுக்கு 24 மில்லியன் தடவை, அதாவது 24 மெகாஹேட்ஸ் மீடிறனில், கடிகாரத் துடிப்பும் வேண்டும். இவை வந்து, சிறிது நேரம் பொறுத்த பிறகுதான் சென்சருடன் பேசலாம். பாடப்புத்தகம் ஒரு வரியில் கடந்துபோகும் 'சாதனச் செலுத்தி' என்ற மென்பொருளுக்கு இங்கேதான் வேலை.

ஆனால் ஆளி எப்போதும் செலுத்தியின் கையில் இல்லை. ராஸ்பெரி பை போன்ற பலகைகளில் 'டிவைஸ் ட்ரீ' என்ற விபரப் பட்டியல் உண்டு. எந்த மின்வழங்கல், எந்தத் துடிப்பு என்று அதில் வாசித்து, செலுத்தியே ஒவ்வொன்றாகப் போடும். மடிகணினிகளில் இருப்பது ஏசிபிஐ. இன்டெல், மைக்ரோசொஃப்ட், தொஷிபா மூன்றும் 1996 இல் வெளியிட்ட முறை அது. இங்கே 'எழுப்பு' என்று கேட்டால் போதும், மிச்சத்தை நிலைபொருள் பார்த்துக்கொள்ளும். நாமே அடுப்பு மூட்டிச் சமைப்பதற்கும், "பசிக்குது உம்மா" என்றதும் சோறு வருவதற்கும் உள்ள வித்தியாசம்!

பலகைக்கென எழுதிய செலுத்தி மடிகணினியில் "துடிப்பு எங்கே?" என்று தேடும். கிடைக்காது. பிழை என்று எண்ணி நின்றுவிடும். கமரா நன்றாகவே இருக்கும், திரைதான் கறுப்பாக இருக்கும். அதனால் லினக்ஸில் இப்போது செலுத்திகள், துடிப்பைக் கையாள வழியில்லாவிட்டால் அதன் மீடிறனையாவது நிலைபொருளிடம் கேட்டு, அதை மாறாத துடிப்பாக வைத்துக்கொள்கின்றன.

மீடிறன் ஏன் அவ்வளவு முக்கியம்? சில இன்டெல் மடிகணினிகள் கொடுப்பது 19.2 மெகாஹேட்ஸ். 24க்குக் கணித்த அமைப்புகளை அங்கே போட்டால் எல்லாம் 0.8 மடங்காகும், செக்கனுக்கு 30 படம் 24 ஆகும். தரவு வரும் வேகமும் மாறுவதால் படமே வராமலும் போகலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது வகை. சில மடிகணினிகளில் ஏசிபிஐ இருந்தும், கமராவின் மின்சாரம் வேறொரு சிப்பிடம் விடப்பட்டிருக்கும். அதன் பட்டியல் விண்டோஸை மனதில் வைத்து எழுதப்பட்டது. லினக்ஸ்காரர்கள் அந்தச் சிப்புக்கே தனிச் செலுத்தி எழுதவேண்டியதாயிற்று.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை: பெரும்பாலான மடிகணினிக் கமராக்கள் உள்ளே யுஎஸ்பியில் இணைந்தவை, அவற்றுக்கு இந்தச் சிக்கல் இல்லை. சென்சர் நேரடியாக இணைந்த கணினியில் திரை கறுப்பாக இருந்தால், கமராவை மாற்றக் காசு கொடுக்கமுன், வேறொரு பணிசெயல் முறைமையில் அது வேலை செய்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.