பாஸ்போர்ட், விசா, பெயர்: வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கு முன்

பாஸ்போர்ட் சொந்த நாடு தருவது. விசா போகிற நாடு தருவது. முன்னது குடியுரிமைக்குச் சான்று. பின்னது, இவர் எங்கள் வாசலுக்கு வரலாம் என்ற இசைவு. இரண்டும் கையில் இருந்தாலும் உள்ளே விடுவது அங்குள்ள குடிநுழைவு அதிகாரியின் முடிவு. வந்தவர் உண்மையிலேயே சுற்றிப்பார்க்க வந்திருக்கிறார், செலவுக்குப் பணம் வைத்திருக்கிறார், சொன்ன நாளில் திரும்பிவிடுவார் என்ற மூன்றும் அவருக்கு உறுதியாக வேண்டும். பயணிகளிடம் கேட்கப்படும் ஆவணங்களில் பெரும்பாலானவை இந்த மூன்றுக்காகத்தான்.

கோவை அருகே கருமத்தம்பட்டியில் இருப்பவர்களுக்குப் பாஸ்போர்ட் எடுக்கும் வேலை அவினாசி சாலையிலேயே முடிந்துவிடும். கோவை மண்டல பாஸ்போர்ட் அலுவலகம் அந்தச் சாலையில் தண்டுமாரியம்மன் கோயிலுக்கு எதிரே இருக்கிறது. பீளமேடு விமான நிலையமும் அதே சாலையை ஒட்டியது. பாஸ்போர்ட் சேவா இணையதளத்தில் விண்ணப்பத்தை நிரப்பி, பணம் கட்டி, நாள் குறித்துக்கொண்டு அசல் ஆவணங்களுடன் சேவா மையத்துக்குப் போக வேண்டும். 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய். தட்கல் முறைக்குக் கூடுதலாக 2,000 ரூபாய். பெரியவர்களுக்குப் பாஸ்போர்ட் 10 ஆண்டுகள் செல்லும். ஆனால் பல நாடுகள், போய் இறங்கும் நாளிலிருந்து குறைந்தது 6 மாதம் பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும் என்கின்றன. ஆகவே கடைசி ஆறு மாதத்தைக் கணக்கில் சேர்க்காமல் முன்கூட்டியே புதுப்பிப்பது நல்லது.

தமிழர்கள் தனியே கவனிக்க வேண்டியது பெயர். நமக்குக் குடும்பப் பெயர் வழக்கம் இல்லை, தலைப்பெழுத்துதான் உண்டு. பாஸ்போர்ட்டில் அந்த எழுத்தை விரித்து எழுத வேண்டும். குடும்பப் பெயருக்கான கட்டத்தை வெறுமனே விட்டால் பின்னால் சிக்கல் வரும். ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள பாஸ்போர்ட்டுடன் சுற்றுலா விசாவில் வருவோரை ஏற்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. எனவே தந்தை பெயரையோ கணவர் பெயரையோ அந்தக் கட்டத்தில் நிரப்புவது பாதுகாப்பு. பாஸ்போர்ட்டில் உள்ள பெயர் எழுத்து மாறாமல் விசாவிலும் டிக்கெட்டிலும் இருக்க வேண்டும்.

கோவையிலிருந்து சிங்கப்பூர், ஷார்ஜா, அபுதாபி ஆகிய ஊர்களுக்கு நேரடி விமானங்கள் பறந்திருக்கின்றன. சிங்கப்பூர், அமீரகம் இரண்டுக்குமே பொதுவாக இந்தியர்கள் முன்கூட்டியே விசா பெற வேண்டும். சிங்கப்பூருக்கு அங்கீகாரம் பெற்ற முகவர் வழியாக விண்ணப்பிப்பது வழக்கம். அதோடு, போய்ச் சேருவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் மின்னணு வருகை அட்டையை நிரப்ப வேண்டும். இது இலவசம், இதற்குப் பணம் கேட்கும் இணையதளங்களை நம்பக்கூடாது. அமீரகத்துக்கு விமான நிறுவனம், பயண முகவர், அங்கே வசிக்கும் உறவினர் ஆகியோர் மூலம் விசா எடுக்கலாம்.

சில நாடுகள் விசாவையே தளர்த்தியிருக்கின்றன. தாய்லாந்து 2023 நவம்பரிலும் மலேசியா அதே ஆண்டு டிசம்பரிலும் இந்தியச் சுற்றுலாப் பயணிகளுக்கு விசா விலக்கு அளித்தன. விலக்கு இருந்தாலும் இரண்டு நாடுகளிலும் மின்னணு வருகை அட்டை கட்டாயம். மாலத்தீவில் போய் இறங்கியதும் 30 நாள் விசா இலவசமாகக் கிடைக்கும். நேபாளம், பூடான் இரண்டுக்கும் விசா வேண்டாம். பாஸ்போர்ட் இல்லாவிட்டால் வாக்காளர் அடையாள அட்டை போதும். அங்கே பெரியவர்களுக்குப் பொதுவாக ஆதார் செல்லாது என்பதை மறக்கக்கூடாது. பூடானில் ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் வளர்ச்சிக் கட்டணம் உண்டு.

ஐரோப்பாவில் ஒரே ஷெங்கன் விசாவில் 29 நாடுகளைப் பார்க்கலாம். எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாளுக்கு மேல் தங்க முடியாது. பெரியவர்களுக்கு 2024 ஜூன் முதல் கட்டணம் 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும், வங்கிக் கணக்கு விவரமும், தங்குமிட முன்பதிவும் கேட்பார்கள். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி 15 நாள் வரை காத்திருக்கக்கூடாது. அமெரிக்கச் சுற்றுலா விசாவுக்குப் பெரும்பாலும் சென்னைத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் நடக்கும். கென்யா போன்ற ஆப்பிரிக்க நாடுகளுக்குப் போகிறவர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்கு 10 நாள் முன்னதாகப் போட்டிருக்க வேண்டும். அது இல்லாமல் போய்வந்தால் இந்தியா திரும்பியதும் தனிமைப்படுத்தப்படலாம்.

விசாவில் சொன்ன நோக்கத்தை மீறக்கூடாது. 2023 ஜூனில் மிலானில் நடந்த இட்மா ஜவுளி இயந்திரக் கண்காட்சி போன்றவற்றுக்குச் செல்லும் விசைத்தறிக்காரர் எடுக்க வேண்டியது வணிக விசா. சுற்றுலா விசாவில் வேலைக்குப் போவது இன்னும் ஆபத்து. கணினி வேலை என்ற பேச்சை நம்பி தாய்லாந்து போன தமிழக இளைஞர்கள் மியான்மரின் மியாவாடிக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடி வேலையில் தள்ளப்பட்டு, 2022-ல் மீட்கப்பட்டார்கள். சுற்றுலாவாகப் போய் வேலையில் சேர்ந்துகொள்ளலாம் என்று சொல்லும் முகவரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்கவே கூடாது.

அனுமதித்த நாளைத் தாண்டித் தங்குவதும் குற்றம். அமீரகத்தில் அதற்கு நாளொன்றுக்கு 50 திர்ஹாம் அபராதம். பல நாடுகளில் மறுமுறை நுழையத் தடையும் விழும். விதிகள் அடிக்கடி மாறுவதால், டிக்கெட் எடுப்பதற்கு முன் அந்தந்த நாட்டுத் தூதரகத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்வது கட்டாயம்.